பேக் வால்யூம்களில் எதை வைப்பது, எதைக் கழிப்பது? (சட்டக் கல்லூரி நூலகம்)

கேள்வி: மூன்றாம்தளம்

வணக்கம். சட்டக் கல்லூரி நூலகக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் கேட்கிறேன். நூலகத்தின் ஒரு தளம் மூட் கோர்ட்டுக்கும் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) வாசிப்புக் கூடத்துக்கும் போகிறது. பைண்டு செய்த 18,000 தொகுதிகளில் சுமார் 6,000 வெளியேற வேண்டும்.

இருப்பு: இங்கிலாந்து லா ரிப்போர்ட்ஸ், பிரிவி கவுன்சில் அப்பீல்கள், ஐ.எல்.ஆர்., ஏ.ஐ.ஆர்., எஸ்.சி.ஆர்., எஸ்.சி.சி. (இவை நான்கும் இந்தியத் தீர்ப்புத் தொடர்கள்), அமெரிக்க சட்ட ஜர்னல்கள், அரசிதழ், சட்டமன்ற விவாதங்கள், ஒவ்வொரு பாடநூலிலும் நாலைந்து பதிப்புகள், கொஞ்சம் லூஸ் லீஃப் (புதுத் தாளை மாற்றிச் செருகும் வளையக் கோப்பு நூல்கள்).

குழுவில் ஒரு யோசனை வந்திருக்கிறது: "ஐந்து வருடமாக யாரும் தொடாததை எல்லாம் கழித்துவிடலாம், அதுதான் தரவுத்தளத்தில் இருக்கிறதே." கேட்க நன்றாக இருந்தாலும் எங்கோ இடிக்கிறது. எதை முதலில் எடுப்பது? தரவுத்தளம் உண்மையிலேயே ஈடாகுமா என்று எப்படிச் சோதிப்பது? தொட்டாலே கையில் செம்பொடி ஒட்டுகிற தோல் பைண்டிங்குகளை என்ன செய்வது?

பதில் 1: அடுக்கெண்

முதலில் அந்த "ஐந்து வருடம்" கணக்கைத் தூக்கி வையுங்கள். ரிப்போர்ட்டர்கள் (தீர்ப்புத் தொகுதிகள்) வெளியே இரவல் போவதில்லை. நூலகத்துக்குள்ளேயே எடுத்து, பார்த்து, மேசையில் விட்டுப் போவார்கள். அதனால் இரவல் பதிவேட்டில் அவற்றின் பயன்பாடு எப்போதும் பூஜ்யம்தான். உண்மையான எண்ணிக்கை வேண்டுமென்றால் மேசையில் கிடக்கும் தொகுதிகளைத் திரும்ப அடுக்கும் முன் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அல்லது முதுகுப் பக்கம் பென்சிலில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒரு முழுக் கல்வியாண்டு இப்படி எண்ண வேண்டும். ஒரு பருவம் மட்டும் எண்ணினால் மூட் போட்டிக் காலமோ ஆய்வேடு சமர்ப்பிக்கும் காலமோ விடுபட்டு, கணக்கு கோணலாகிவிடும்.

இடத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 90 செ.மீ. தட்டை 80 விழுக்காடு மட்டும் நிரப்பினால் 72 செ.மீ. கிடைக்கும். ஒரு ரிப்போர்ட்டர் தொகுதி சராசரி 5.5 செ.மீ. என்றால் தட்டுக்கு 13. ஆறு தட்டுள்ள ஒற்றைப்பக்க ரேக்கில் 78. 6,000 தொகுதி என்பது 77 ரேக். உங்கள் தொகுதிகளில் ஐம்பதை அளந்து சராசரியை மாற்றிக்கொள்ளுங்கள். இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும் தொடர்களுக்கு அந்த 20 விழுக்காடு இடைவெளி கட்டாயம். முடிந்துபோன தொடர்களை நெருக்கி அடுக்கலாம்.

எடுக்க வேண்டிய வரிசை, என் கருத்தில்:

இரண்டாம் படிகள் முதலில். ஒரே தொடரில் இரண்டு செட் இருந்தால் ஒன்று போகலாம். ஆனால் "பழைய செட் போகட்டும்" என்று கண்ணை மூடிச் சொல்லிவிடாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு தொகுதியிலும் நல்ல படியைப் பொறுக்கி ஒரு முழு செட் கட்ட வேண்டும். அப்போதுதான் எந்தத் தொகுதி இரண்டிலுமே இல்லை என்பது தெரியவரும்.

அடுத்து, பின்னால் வந்த திரட்டுத் தொகுதி விழுங்கிவிட்ட டைஜஸ்ட்டுகள் (வழக்குச் சுருக்கத் தொகுதிகள்), குறியடைவுகள், பழைய சைட்டேட்டர்கள். 1873-இல் ஷெப்பர்ட்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து சைட்டேட்டரின் வேலை ஒன்றுதான்: இந்தத் தீர்ப்பு இன்னும் செல்லுமா என்று சொல்வது. பழைய சைட்டேட்டர் தவறான பதில் சொல்லும். அது வரலாற்றாய்வாளருக்கு மட்டுமே உதவும்.

மூன்றாவது அமெரிக்க ஜர்னல்கள். சட்ட ஜர்னல் தரவுத்தளமான ஹெய்ன்ஆன்லைன் 2000-இல் தொடங்கியதிலிருந்து பக்கங்களை அச்சில் உள்ளபடியே படமாகத் தருகிறது. பெரும்பாலான ஜர்னல்களுக்கு முதல் தொகுதியிலிருந்தே. 1865-க்கு முந்தைய வழக்குகளைத் திரட்டிய இங்கிலீஷ் ரிப்போர்ட்ஸ் மறுபதிப்பு இருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில்தான். குறியடைவோடு 178 தொகுதி. பத்து மீட்டர் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காமன்லீ தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

தொடவே கூடாதவை: அரசிதழ், உங்கள் உயர் நீதிமன்றத் தொடர்கள், விசாரணை ஆணைய அறிக்கைகள், உள்ளாட்சி விதிகள், உங்கள் கல்லூரி ஆய்வேடுகள். இவற்றைத் தரவுத்தளக்காரர்கள் முழுதாக வைத்திருப்பது அபூர்வம், ஏனென்றால் விற்காது.

பதில் 2: பழையபிரிவு

அடுக்கெண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நீக்கப்பட்ட சட்டம் என்பதால் அதன் புத்தகமும் போகலாம் என்று நினைப்பதுதான் சட்ட நூலகத்தில் நடக்கும் மிகப் பெரிய தப்பு. மருத்துவ நூலகத்தில் பழைய பதிப்பு ஆபத்து. அதே பதிப்பு நம்மிடம் சாட்சியம்.

கண்ணெதிரே இருக்கும் உதாரணம்: 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலை 302-இலிருந்து 103-க்குப் போனது, ஏமாற்றுதல் 420-இலிருந்து 318-க்கு. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம்தான். புதுச் சட்டத்தின் 358-ஆம் பிரிவே அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. விசாரணை, மேல்முறையீடு, மறுஆய்வு என்று இன்னும் பல ஆண்டுகள் அந்த வழக்குகள் ஓடும். புதுப் பிரிவுகளை விளக்கும்போதும் நீதிமன்றம் நூற்றைம்பது ஆண்டுத் தீர்ப்புகளைத்தான் புரட்டும். அவை பேசுவதோ பழைய எண்ணில். பழைய தண்டனைச் சட்ட உரைநூல்களை இப்போது கழிப்பவர்கள் சீக்கிரமே தேடி அலைவார்கள்.

இதிலிருந்து பிறக்கும் இன்னொரு விஷயம், குறிப்பிட்ட நாளில் சட்டம் எப்படி இருந்தது என்ற கேள்வி. அரசுத் தளங்கள் பெரும்பாலும் இன்றைய வடிவத்தைத்தான் காட்டும். 1987-இல் ஒரு பிரிவு எப்படி இருந்தது என்று அறிய மூலச் சட்டத்தை எடுத்து, திருத்தச் சட்டங்களை ஒவ்வொன்றாக ஒட்டி, ஒவ்வொன்றும் நடைமுறைக்கு வந்த தேதியை அரசிதழ் அறிவிக்கையில் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அந்த ஆண்டின் பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்ட வாசகம் மட்டும் அச்சான சிறுநூல்) ஒன்று கையில் இருந்தால் ஐந்து நிமிடம். எல்லா நூலகங்களும் முதலில் எடைக்குப் போடுவது இந்த மெலிந்த பேர் ஆக்ட்டுகளைத்தான்! முக்கியச் சட்டங்களுக்கு ஆண்டுக்கு ஒரு படி வையுங்கள், ஒரு தட்டு போதும். தனியார் பதிப்பு என்பதால் அதையே ஆதாரமாகக் காட்ட முடியாது. அது வழிகாட்டும், ஆதாரம் அரசிதழ்.

பாடநூல் பதிப்புகளில் ஒரு பிரிவினை செய்யுங்கள். நீதிமன்றம் மேற்கோள் காட்டும் பெருநூல்களுக்கு ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு படி. தேர்வுக்கான கைநூல்களுக்குக் கடைசிப் பதிப்பு மட்டும். ஹால்ஸ்பரி'ஸ் லாஸ் ஆஃப் இங்கிலாந்து என்ற சட்டக் கலைக்களஞ்சியத்தின் முதல் பதிப்பு 1907-இலும், நான்காவது 1973-இலும், ஐந்தாவது 2008-இலும் தொடங்கியது. 1980-இல் வந்த ஒரு தீர்ப்பு "நான்காம் பதிப்பு, பத்தி இன்னது" என்றால், அந்தப் பத்தி எண்ணை வைத்துக்கொண்டு ஐந்தாம் பதிப்பில் தேடிப் பயனில்லை.

சட்டமன்ற விவாதங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் சட்டத்தை விளக்க நாடாளுமன்ற விவாதங்களைப் பார்ப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். 1992-இல் பெப்பர் எதிர் ஹார்ட் தீர்ப்பு சில நிபந்தனைகளோடு அந்தக் கதவைத் திறந்தது. அதுவரை தூசி படிந்து கிடந்த தொகுதிகளுக்கு மறுநாளே தேவை வந்தது. பயன்பாட்டு எண்ணிக்கை இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா?

மூன்றாம்தளம்

இரண்டு பேருக்கும் நன்றி. பேர் ஆக்ட் விஷயம் எங்கள் பட்டியலில் முதல் வரியாகவே இருந்தது, அதை எடுத்துவிட்டேன். தரவுத்தளம் பற்றி யாராவது விளக்கமாகச் சொல்ல முடியுமா? விற்பனைப் பிரதிநிதி "முழுமையாக இருக்கிறது" என்கிறார்.

பதில் 3: பக்கம்தேடி

"முழுமையாக" என்ற சொல்லை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுத மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டியது, சந்தாவை நிறுத்தினால் இதுவரை பணம் கட்டிய ஆண்டுகள் நமக்குக் கிடைக்குமா என்பது. பெரும்பாலான தீர்ப்புத் தளங்கள் வெறும் வாடகைதான். வாடகையை நம்பிச் சொந்த வீட்டை இடிக்கலாமா என்று குழுவில் கேளுங்கள். ஜர்னல்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். பதிப்பாளர் போர்ட்டிகோ, லாக்ஸ் போன்ற காப்பகங்களில் இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு ஒரே நேரத்தில் எத்தனை பேர் பார்க்கலாம், வெளியாள் நேரில் வந்து பார்க்கலாமா, இன்னொரு நூலகத்துக்குப் பிரதி அனுப்பலாமா, உள்ளடக்கத்தை நீக்கினால் முன்னறிவிப்பு உண்டா. இந்தக் கடைசி வரி இல்லாத ஒப்பந்தத்தை நம்பி ஒரு தொகுதியைக்கூடக் கழிக்காதீர்கள்.

அடுத்தது சோதனை. ஒவ்வொரு தொடரிலும் பத்தாண்டுக்கு மூன்று தொகுதி வீதம், கண்ணை மூடி எடுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு இடம்: தொடக்கத்தில் ஒரு வழக்கு, நடுவில் மாறுபட்ட தீர்ப்புள்ள (ஒரு நீதிபதி மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் எழுதிய) ஒரு வழக்கு, அட்டவணையோ வரைபடமோ உள்ள ஒன்று, கடைசியில் அரைப் பக்கச் சிறுகுறிப்பு ஒன்று. அச்சையும் திரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

வழக்கமாகச் சிக்குவது இவைதான். அச்சுப் பக்கமே படமாக இருக்காமல், திரும்பத் தட்டச்சு செய்த உரையாக இருக்கும். பக்க எண் காணாமல் போயிருக்கும். எஸ்.சி.ஆர்., எஸ்.சி.சி. பக்கங்களின் ஓரத்தில் வரிசையாக எழுத்துகள் இருக்குமே, "பக்கம் 215 டி" என்று மேற்கோள் காட்ட உதவுபவை, அவை உரை வடிவத்தில் நிச்சயம் இருக்காது. 1865-இல் தொடங்கிய இங்கிலாந்து லா ரிப்போர்ட்ஸில் வழக்கறிஞர்களின் வாதச் சுருக்கமும் அச்சாகும். தீர்ப்பை மட்டும் எடுத்த தளங்களில் அது கிடைக்காது. எந்த வாதம் வைக்கப்பட்டது, எது வைக்கப்படவே இல்லை என்று பார்க்கத்தான் ஆராய்ச்சியாளர் அந்தத் தொடரைத் தேடி வருகிறார். அங்கே 2012-ஆம் ஆண்டு நடைமுறை உத்தரவும், ஒரு வழக்கு இந்தத் தொடரில் இருந்தால் இதையே காட்ட வேண்டும் என்கிறது.

தொகுதியின் முன்பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். அந்த ஆண்டு நீதிபதிகளின் பட்டியல், நீதிமன்ற விதித் திருத்தங்கள், பிழைதிருத்தம் எல்லாம் அங்கேதான். பல தளங்கள் வழக்கு வழக்காக ஏற்றியதால் இவை எதிலும் சேராமல் விடுபட்டிருக்கும்.

முடிவை மொத்தமாகச் சொல்லாமல் தொடர்வாரியாக எழுதுங்கள். எழுத்துப் பிழை இருந்தால் மன்னிக்கலாம். மாறுபட்ட தீர்ப்பு ஒன்று விடுபட்டிருந்தாலும் அந்தத் தொடருக்கு அச்சு தேவை.

எங்கே கோடு போடுவது என்றால், நியூட்ரல் சைட்டேஷனும் (எந்தப் பதிப்பாளரையும் சாராமல் நீதிமன்றமே தீர்ப்புக்குத் தரும் எண்) பத்தி எண்ணும் சேர்ந்து வந்த ஆண்டில். இங்கிலாந்தில் அது 2001. இந்திய உச்ச நீதிமன்றம் 2023-இல் கொண்டுவந்தது, எஸ்.சி.ஆர். முழுவதையும் அதே ஆண்டு இலவசமாக இணையத்தில் திறந்தது. அதற்குப் பிந்தைய தீர்ப்புகளுக்கு அச்சு இல்லாமலும் ஓட்டலாம். முந்தைய தீர்ப்புகளுக்கும் இந்தியாவில் புது எண் தரப்பட்டிருக்கிறது, ஆனால் அவற்றை மேற்கோள் காட்டிய பழைய தீர்ப்புகள் எல்லாம் பக்க எண்ணில்தான் பேசுகின்றன.

"இணையத்தில் இருக்கிறது" என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஹார்வர்டு லா ரிவ்யூ உள்ளிட்ட ஜர்னல்கள் காட்டிய இணைய முகவரிகளில் 70 விழுக்காட்டுக்கு மேல், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் காட்டிய முகவரிகளில் பாதி, மேற்கோள் காட்டிய உள்ளடக்கத்துக்குப் போகவில்லை.

பதில் 4: ஒரேபடி

எல்லாரும் "வை, வை" என்கிறீர்கள். கொஞ்சம் எதிர்த்துப் பேசுகிறேன்.

ஒரு ஊரில் பத்து சட்ட நூலகம் இருந்தால் பத்திலும் அதே ஏ.ஐ.ஆர். இருக்கும். பத்திலும் அங்கங்கே தொகுதி குறையும், பத்திலும் கரையான். எல்லாரும் எல்லாவற்றையும் காப்பதாகச் சொல்வது, யாரும் எதையும் சரியாகக் காக்கவில்லை என்பதில்தான் முடிகிறது. நூலகங்கள் சேர்ந்து ஒரு முழு செட்டை நல்ல நிலையில் வைத்து, மற்றவை விடலாம். அதற்கு வாய்ப்பேச்சு போதாது. யார் எந்தத் தொடரை வைக்கிறார்கள், குறைந்தது எத்தனை ஆண்டுக்கு, ஸ்கேன் கேட்டால் எத்தனை நாளில் அனுப்ப வேண்டும், வைத்திருப்பவர் கைவிட நினைத்தால் முதலில் யாரிடம் கேட்க வேண்டும்: நான்கையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பட்டியலைத் தொடர் பெயரில் போடாமல் தொகுதி எண்ணில் போடுங்கள். "ஐ.எல்.ஆர். இருக்கிறது" என்பதற்கும் "1876 முதல் எல்லாத் தொகுதியும், இரண்டைத் தவிர" என்பதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

ஹார்வர்டு சட்ட நூலகம் அமெரிக்கத் தீர்ப்புகளை ஸ்கேன் செய்தபோது, சுமார் 4 கோடி பக்கம், புத்தகங்களின் முதுகையே வெட்டி வேகமான இயந்திரத்தில் ஓட்டினார்கள். வெட்டிய தாள்களை எடைக்குப் போடவில்லை. வெற்றிடப் பொதியில் அடைத்து நிலத்தடிச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வைத்தார்கள். படிப்பதற்குத் திரை, சந்தேகம் வந்தால் தாள். இரண்டும் ஒரே கட்டடத்தில், அதுவும் மூட் கோர்ட்டுக்குத் தேவையான தளத்தில், இருக்க வேண்டியதில்லை.

பதில் 5: செம்பொடி

தோல் பைண்டிங் கேள்விக்கு வருகிறேன். அந்தச் செம்பொடிக்கு ரெட் ராட் என்று பெயர். தாவரச் சாற்றில் பதப்படுத்திய தோல் காற்றிலுள்ள கந்தக வாயுவை உறிஞ்சி உள்ளேயே அமிலமாகி நார் அறுந்துபோகிறது. திரும்பாது, உதிர்வதைத் தடுக்க மட்டுமே முடியும்.

எண்ணெய், தோல் மெருகு, பெவிகால் எதுவும் பூசாதீர்கள். எண்ணெய் தோலைக் கருக்கித் தாளுக்கும் இறங்கும். ஹைட்ராக்சிபுரொப்பைல் செல்லுலோஸை எத்தனாலில் கரைத்து (க்ளூசெல் ஜி என்று விற்பது) மெல்லிய தூரிகையால் மெலிதாகப் பூசுவதுதான் வழக்கம். காற்றோட்டம் வேண்டும், பக்கத்தில் தீ கூடாது, முதலில் ஓரத்தில் கொஞ்சம் பூசி நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் அதற்கும் போகாமல், அமிலமற்ற அட்டையில் உறை மடித்துப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ரப்பர் பேண்டு வேண்டாம். பழைய தோல் அட்டையில் முதலில் அறுவது கீல், அதாவது அட்டையும் முதுகும் சேரும் இடம். முதுகின் தலையில் விரலை மாட்டி இழுத்தால் அந்தப் பகுதியும் கிழியும். இருபுறத் தொகுதிகளை உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்கப் பழக்குங்கள்.

பூச்சி அரித்தவற்றைத் தனியே பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, −20 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உறைய வையுங்கள். எடுத்த உடனே பையைத் திறந்தால் ஈரம் பிடிக்கும். அறை வெப்பநிலைக்கு வரும்வரை ஒரு நாள் விடுங்கள். தோல் அட்டையோடு மெல்லிய பொன்னெழுத்து இருந்தால் நிபுணரிடம் காட்டாமல் உறைய வைக்க வேண்டாம்.

இன்னொன்று, இடத்தை மிச்சப்படுத்த கம்பாக்டர் (தண்டவாளத்தில் நகர்த்தி நெருக்கும் ரேக்) வாங்கலாம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். தளத்தின் தாங்குதிறனைப் பொறியாளர் எழுத்தில் தராமல் தலையாட்டாதீர்கள். அமெரிக்கத் தரத்தில் சாதாரண நூல் அடுக்குத் தளத்துக்கே சதுர அடிக்கு 150 பவுண்டு கணக்கு. கம்பாக்டரில் நடைவழி எல்லாம் நிரம்பிவிடுவதால் ஏறத்தாழ இரு மடங்கு. வகுப்பறைக்காகக் கட்டிய மாடி இதைத் தாங்காது. தரைத்தளமோ அடித்தளமோதான் சரி. அடித்தளம் என்றால் கீழ்த்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும், மேலே தண்ணீர்க் குழாய் ஓடக் கூடாது.

மூன்றாம்தளம்

மிகவும் பயனுள்ளது. கடைசியாக இரண்டு: பதிவேட்டில் கழிப்பதை எப்படிக் காட்டுவது? லூஸ் லீஃப் நின்றுபோன தொகுதிகளை வைக்கலாமா?

பதில் 1-இலிருந்து மீண்டும்: அடுக்கெண்

ஒரேபடி சொன்னதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு: கையெழுத்து ஆன பிறகுதான் லாரி வர வேண்டும், வரிசை மாறக் கூடாது.

பதிவேடு: முதலில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் (இருப்புச் சரிபார்ப்பு). இல்லாததைக் "கழித்தோம்" என்று எழுதினால் பின்னால் தணிக்கையில் மாட்டும். காணாமல் போனது தனிப் பட்டியல், கழிப்பது தனிப் பட்டியல். கழிப்பதில் ஒவ்வொன்றுக்கும் சேர்க்கை எண், தலைப்பு, தொகுதி, ஆண்டு, காரணம், மாற்றாக எங்கே இருக்கிறது என்ற ஆறு பத்தி. "பழையது" என்பதைக் காரணமாக எழுத விடாதீர்கள். நன்கொடையாக வந்தவை இருந்தால் கொடுத்தபோது எழுதிய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பிரிக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கலாம். குழுத் தீர்மானம், நிர்வாக ஒப்புதல், மற்ற நூலகங்களுக்குப் பட்டியல் அனுப்பி 60 நாள் அவகாசம், அதன் பிறகே விற்பனை. சேர்க்கைப் பதிவேட்டில் வரியை அடித்துவிடாமல் குறிப்புப் பத்தியில் தீர்மான எண்ணும் தேதியும் எழுதுங்கள். கேட்டலாக்கிலிருந்து அதே வாரம் நீக்குங்கள். முத்திரையின் மேல் "கழிக்கப்பட்டது" என்று இன்னொரு முத்திரை. இல்லாவிட்டால் பழைய புத்தகக் கடையில் பார்த்த யாரோ நூலகத்தில் திருட்டு என்று கடிதம் எழுதுவார்கள்.

லூஸ் லீஃப்: நின்றுபோனது என்றால் அதில் இருக்கும் சட்டம் எந்த நாளுக்கானது என்று யாருக்கும் தெரியாமல் போவதுதான் ஆபத்து. கடைசியாகச் சேர்த்த வெளியீட்டு எண்ணை முன்னால் உள்ள பதிவுத் தாளில் பாருங்கள். பிறகு இருபது பக்கங்களின் அடியில் அச்சாகியிருக்கும் வெளியீட்டு எண்ணைப் பதிப்பாளரின் சரிபார்ப்புப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பழைய தாளை எடுக்காமல் புதியதை மட்டும் செருகியிருந்தாலோ, இடையில் ஒரு வெளியீட்டைத் தவறவிட்டு அடுத்ததைப் போட்டிருந்தாலோ, அது எந்த நாளின் சட்டமும் இல்லை, கலவை. அதைக் கழித்துவிடுங்கள். சரியாக இருந்தால் வளையத்தைக் கழற்றி பைண்டு செய்து, முதுகிலேயே "வெளியீடு இத்தனை வரை, இன்ன மாதம்" என்று அச்சிட்டு, பழையபிரிவு சொன்ன அந்தப் பேர் ஆக்ட் தட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள்.